பத்தாம் வசனத்துக்கு ஐந்து வசனம் மேலே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழை எங்கள் வீட்டில் பல வருஷமாக வாங்குகிறோம். காலையில் காபிக்கு முன்னால் நான் பார்ப்பது ஆன்மிகப் பக்கத்தின் ஓரத்தில் கட்டம் கட்டிப் போடுகிற அந்த ஒரு வேத வசனத்தைத்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதற்கு முன்னால் என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறேன். ஆறு மெஷின். எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டியும் பாவாடையும் தைத்துக் கொடுக்கிறோம். கட்டிங் நான் பார்த்துக்கொள்கிறேன். தைக்க நாலு பேர், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக்குக்கு ஒருவர், காஜா என்கிற பட்டன் துளை எடுத்து, பட்டன் வைத்து, பிசிறு வெட்ட ஒரு அம்மா. எல்லாமே பீஸ் ரேட்தான். சனிக்கிழமை கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பது வழக்கம். அந்த வழக்கத்தை ஒரு முறை மீறினேன்.

வேதம் வாசிக்கிற பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். பட்டாளம் என்கிற பகுதியில் ஒற்றை அறை வீடு. காலை ஷிப்ட் என்றால் மில் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே எழுந்து, விளக்கை எங்கள் முகத்தில் படாதபடி திருப்பி வைத்துக்கொண்டு, வாயசைத்து வாசிப்பார். வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரம். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. அப்படியே போனால் வருஷக் கடைசியில் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும். அப்பா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் கணக்கே இதுதான். முடித்த தேதியைக் கடைசி வெற்றுத்தாளில் பென்சிலில் எழுதி வைப்பார். 1996-ல் மில்லை மூடிய வருஷமும் அந்தத் தாளில் தேதி இருக்கிறது. வீட்டில் பணம் இல்லாமல் அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுத்த வருஷம் அது. அப்போதும் மூன்று அதிகாரம் நிற்கவில்லை.

அந்த வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. வசனங்களுக்குப் பக்கத்தில் அங்கங்கே அப்பாவின் பென்சில் குறிப்பு. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்கிற இடம் இருக்கிறதே, அதன் ஓரத்தில் நாலே வார்த்தை: ‘அண்ணன் வீடு போய் வந்தேன்.’ பெரியப்பாவும் அப்பாவும் ஒரு சொத்துத் தகராறில் பேசாமல் இருந்தது எங்களுக்குத் தெரியும். எப்படித் திரும்பவும் பேசிக்கொண்டார்கள் என்பது அப்பா இறந்த பிறகு இந்தப் பக்கத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல். வடசென்னைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் தண்ணீர். கரண்ட் இல்லை, பால் இல்லை. எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்து மீனவர்களின் படகு, வலை எல்லாம் கறுத்துப் போனது. எனக்கு ஆர்டர் கொடுக்கிற கடையின் குடோனிலும் தண்ணீர் ஏறிவிட்டது. நவம்பர் கடைசியில் வரவேண்டிய பில் பணத்தை ‘பொங்கலுக்குள் பார்க்கலாம்’ என்று தள்ளிவிட்டார்கள். நானும் என் ஆட்களிடம் அதையே சொன்னேன். நாலு பேருக்கு எப்படியோ சமாளித்துக் கொடுத்துவிட்டேன். ஓவர்லாக் போடுகிறவருக்கும் காஜா அம்மாவுக்கும் மட்டும் மூன்று வாரப் பாக்கி. ஏன் அந்த இரண்டு பேர் என்று என்னை நானே கேட்டிருக்கிறேன். கேட்காத வாய் அந்த இரண்டு பேருடையது. அதுதான் காரணம்.

அதே சமயம் எங்கள் சபையில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புடவையும் போர்வையும் கொடுக்கப் பணம் சேர்த்தார்கள். நான் 10,000 ரூபாய் எழுதியிருந்தேன். கிறிஸ்துமஸ் செலவுக்கு என்று சீட்டுப் போட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. அதிலிருந்து எண்ணி ஒரு கவரில் போட்டு, மேலே குடும்பப் பெயரை எழுதி, 17-ம் தேதி ஞாயிறு ஆராதனையில் கொடுப்பதற்காக வேதாகமத்துக்குள் வைத்திருந்தேன். மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

அந்த வருஷம் ஜனவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் கணக்குப்படி வாசித்துக்கொண்டு வந்தால் டிசம்பர் 17 அன்று ஆரம்பம் யாக்கோபு ஐந்தாம் அதிகாரம். நான் தேடிப் போய் எடுத்த பகுதி இல்லை, வரிசையில் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கவரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். நாலாம் வசனம்: ‘இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது.’

இந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். ஞாயிறுப்பள்ளியில் யாக்கோபு நிருபத்தை நாங்கள் மனப்பாடமே செய்திருக்கிறோம். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. அந்த வரியில் கூக்குரலிடுவது வேலைக்காரர் இல்லை, கூலி. பிடித்து வைத்த பணமே கத்துகிறதாம். அறுத்தவர்களின் சத்தம் அடுத்த வரியில்தான் வருகிறது. நான் கவரைப் பார்த்தேன். அதற்குள் இருந்த நூறும் ஐந்நூறும் யாருடைய பணம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏழு மணிக்குக் கிளம்பினேன். காஜா அம்மாவுக்கு 5,400 ரூபாய், ஓவர்லாக் போடுகிறவருக்கு 3,900. கவரைப் பிரித்துத்தான் எடுத்தேன். ஓவர்லாக்காரர் வீடு பக்கத்தில், முதலில் அவரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்து வியாசர்பாடி போனேன். அன்றைக்குத்தான் ரேஷன் கடைகளில் அரசாங்கத்தின் வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்த நாள். அந்த அம்மா வீட்டு வாசலில் டோக்கனோடு கிளம்பி நின்றுகொண்டிருந்தார். சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. வாசல் கம்பியில் பாயும் தலையணையும் காய்ந்தும் காயாமலும் தொங்கின.

“இன்னாக்கா, ஞாயித்துக்கிழம இவ்ளோ காலைல?” என்றார்.

பணத்தைக் கொடுத்தேன். எண்ணினார். அவர் விரல் நுனிகளைப் பார்த்தேன். வருஷக்கணக்காக ஊசி பிடித்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தோல் தடித்துப் புள்ளி புள்ளியாக இருக்கும். எண்ணி முடித்து, முந்தானையில் முடிந்துகொண்டு, “போன வாரம் வந்திருந்தா தண்டல் வாங்கியிருக்க மாட்டேன்க்கா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார்.

தண்டல் என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 5,000 ரூபாய் தண்டல் என்றால் முதலிலேயே 750 பிடித்துக்கொண்டு கையில் 4,250 கொடுப்பார்கள். தினம் 50 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வாசலில் வந்து நிற்பார்கள். வெள்ளத்தில் நனைந்து போன அரிசிக்கும் அடுப்புக்கும் அந்த அம்மா அப்படி வாங்கியிருக்கிறார். என்னிடம் 5,400 ரூபாயைப் போட்டு வைத்துவிட்டு, வெளியில் போய் 750 ரூபாய் நஷ்டத்துக்குக் கடன் வாங்கியிருக்கிறார். அவர் பணத்தை நான் வட்டியில்லாமல் வைத்திருக்க, அவர் வட்டி கட்டுகிறார்.

உபாகமம் 24-ல் கூலியைப் ‘பொழுதுபோகுமுன்னே’ கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதற்குக் காரணமும் அங்கேயே இருக்கிறது: அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஊரில் ராத்திரிக்குள் கூலி வராவிட்டால் என்ன ஆகுமோ, அதேதான் வியாசர்பாடியிலும் ஆகிறது. சட்டம் எழுதியவருக்கு ஏழை வீட்டு அடுப்பு தெரிந்திருக்கிறது. வேதம் தெரிந்த எனக்குத் தெரியவில்லை.

லேவியராகமம் 19-ஐயும் சொல்ல வேண்டும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று அங்கேயும் இருக்கிறது. அந்த வருஷம் பிப்ரவரி 2-ம் தேதி அதை வாசித்திருக்கிறேன். என் நோட்டில் டிக் போட்டிருக்கிறது. டிக்தான் போட்டேன். கண் எழுத்தின் மேல் போயிருக்கிறது, மனசு கட்டிங் டேபிளில் இருந்திருக்கிறது. திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரம் இருந்து உங்களை வஞ்சிக்காதீர்கள் என்று யாக்கோபு சொல்வது தினமும் வாசிக்கிறவர்களைப் பார்த்துத்தான். வாசிக்காதவர்களுக்கு அந்த வஞ்சனை வர வழியே இல்லை.

நான் ஏன் வந்தேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கிறிஸ்தவர் இல்லை, மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். “உங்க புஸ்தகத்துல இதெல்லாமா எழுதியிருக்கு? கூலி விஷயமெல்லாம்?” என்று ஆச்சரியமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். “நான் சாமி விஷயம் மட்டும்தான் இருக்கும்னு நெனச்சேன்” என்றார்.

அவரைச் சொல்லி என்ன, கிறிஸ்தவர்களிலேயே நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். பதினைந்து வருஷமாக என்னிடம் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்தோடு என் ஞானப்பாட்டையும் கேட்டுக்கொண்டேதான் பட்டன் வைத்தார். என் வேதத்தில் அவருடைய கூலியைப் பற்றி எழுதியிருக்கிறது என்பது அவருக்கு ஒரு நாளும் தெரிய வரவில்லை.

அன்றைக்கு ஆராதனைக்குத் தாமதமாகத்தான் போனேன். மீதி 700 ரூபாயைக் காணிக்கைப் பையில் போட்டேன். கொடுத்தவர்கள் பட்டியலை வாசித்தபோது எங்கள் குடும்பப் பெயர் வரவில்லை. கமிட்டி அம்மா ஒருவர் வெளியே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். திங்கட்கிழமை அந்த 750 ரூபாயையும் காஜா அம்மாவிடம் கொடுத்தேன். வேதத்தில் வருகிற வரி வசூல்காரன் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தான். நான் கொடுத்தது ஒரு அத்தனைதான்.

இப்போது என் விண்ணப்பத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று. ‘உன்னை ஆசீர்வதிப்பேன்’, ‘உன்னை விட்டு விலகுவதில்லை’. எனக்கும் அதில் கண் கலங்கும். அந்த வசனங்களால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், மில் மூடியபோது எங்கள் அம்மா அப்படித்தான் பிழைத்தார். அதை நான் ஒரு நாளும் லேசாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது’ என்று ஒரு அட்டையும் அந்தத் தட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. காசிமேட்டில் மீன் நிறுப்பவர்களும் மிண்ட் பக்கம் கடை வைத்திருப்பவர்களும் அதே தட்டில் கை விடுகிறார்கள். காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருகிற வசனமும் அப்படித்தான், உங்கள் கட்டத்தில் வருவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

எரேமியா 29:11 எல்லாருக்கும் தெரியும், நம்பிக்கை கொடுக்கிற வசனம். காலண்டரில், காரின் பின்கண்ணாடியில், கல்யாணப் பத்திரிகையில் இருக்கும். அதே புத்தகத்தில் ஏழு அதிகாரம் முன்னால், அயலானிடம் கூலி கொடாமல் வேலை வாங்கி, அதில் தன் வீட்டையும் மேலறைகளையும் கட்டுகிறவனுக்கு ஐயோ என்று இருக்கிறது. வீடு பிரதிஷ்டைக்குப் போகிற இடத்தில் இந்த வசனத்தை யாராவது வாசித்து நான் கேட்டதில்லை. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பாக்கி வைத்துவிட்டுப் பிரியாணி போட்ட வீடுகளுக்கு நானும் போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறேன்.

மல்கியா மூன்றாம் அதிகாரம் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. பத்தாம் வசனம் தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது பற்றியது. வானத்தின் பலகணிகள் திறக்கும் என்கிற வசனம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஐந்து வசனம் மேலே போனால் கர்த்தர் நியாயம் விசாரிக்க வருகிறார். யார் யாருக்கு விரோதமாக? சூனியக்காரர், விபசாரக்காரர், பொய்யாணை இடுகிறவர். அப்புறம் அதே மூச்சில், கூலிக்காரரின் கூலியில் கை வைக்கிறவர். சூனியம் வைப்பவனும் சனிக்கிழமைக் கூலியை நிறுத்தி வைப்பவளும் ஒரே வரியில் நிற்கிறார்கள். பத்தாம் வசனத்தை எடுத்து வாசிக்கிற கை, ஐந்தாம் வசனத்தைத் தாண்டித்தானே அங்கே போக வேண்டும்?

அதனால்தான் வரிசையாக வாசியுங்கள் என்று எங்கள் சபைப் பெண்களிடமும் சொல்லி வருகிறேன். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்றாலும் சரி, வரிசையாக. நாமே தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்ததைத்தான் எடுப்போம். ‘பிள்ளைகளே, கீழ்ப்படியுங்கள்’ என்பதை அம்மா எடுப்பாள். ‘வேலைக்காரரே’ என்பதை முதலாளி எடுப்பார். கொலோசெயர் 4:1 ‘எஜமான்களே’ என்று ஆரம்பிக்கிறது, அதுவும் எனக்கு 2023-க்குப் பிறகுதான் என் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போலக் கேட்கிறது.

பழைய மொழிபெயர்ப்பு புரியவில்லை என்று இளம்பிள்ளைகள் சொல்கிறார்கள். உண்மைதான். ‘சுமுத்திரையான நிறைகல்’ என்றால் என் மகனுக்கே விளங்கவில்லை. முத்திரை குத்திய சரியான எடைக்கல் என்று சொல்லிக் கொடுத்தேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், வேப்பேரியில் உட்கார்ந்து 18-ம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-ல் வந்தது. அந்தப் பெரிய மனுஷரே முதுமையில் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறைக்குப் போனார் என்று அப்பா சொல்வார். பணம் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு எங்களுக்கு அது வீட்டுப் பாடம். பழையது கடினமாக இருந்தால் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தை எடுத்து வாசிக்கட்டும். எங்கள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பம் பெரம்பூர் லூர்து மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவர்கள் அதில்தான் வாசிக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண் யாக்கோபு ஐந்தை வாசித்துக் காட்டினாள், எளிய தமிழ். குத்துவது அதிலும் குத்துகிறது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டத்தில் ஆறுதல் வசனங்களைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் அதைப் பார்த்துவிட்டு நாளைத் தொடங்குகிறவர்கள் இருப்பார்கள். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமையாக இருந்தால் நல்லது, கூலி, எடை, கடன், நாவு இவற்றைப் பற்றிய ஒரு வசனம் போடுங்கள். சனிக்கிழமை ஏன் என்றால் எங்கள் மாதிரி இடங்களில் அன்றைக்குத்தான் கணக்குப் பார்ப்போம். உங்கள் பேப்பர் என் கட்டிங் டேபிள் மேல்தான் கிடக்கும். மல்கியா 3:5-ல் ஆரம்பிக்கலாம். டிசம்பரில் போட்டால் இன்னும் நல்லது, கிறிஸ்துமஸ் செலவுக்கு முன்னால் கண்ணில் படும்.

அந்த அம்மா இப்போதும் என்னிடம்தான் இருக்கிறார். தண்டலை நூறு நாளும் கட்டி முடித்துவிட்டார். சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு, மடியில் விழுந்த பிசிறைத் தட்டிக்கொண்டு எழுவார். வெளிச்சம் இருக்கும்போதே கணக்கை முடித்துப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் வேதாகமத்தில் யாக்கோபு 5:4-க்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஓரத்தில், அவர் எழுதியது போலவே பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: ‘வியாசர்பாடி போய் வந்தேன். 17.12.2023.’

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை